முகத்துக்குள் எழுதிய வசனம்

ஆறாம் புத்தகத்தில் நான் செய்த தப்பை இந்தத் தொழிலில் இருப்பவர்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது. ஒரு மனுஷனின் முகத்துக்குள் வசனம் எழுதிவிட்டேன்.

என் வேலை, ஜப்பானியச் சித்திரக்கதைகளுக்கு நம் எழுத்தைப் பொருத்துவது. மங்கா என்று பிள்ளைகள் உயிரை விடுகிறார்களே, அதுதான். அங்கிருந்து படப் பக்கங்கள் வரும். பேச்சு பலூன்களுக்குள் அவர்கள் எழுத்து மேலிருந்து கீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அதை அழித்து, பலூனை வெள்ளையாக்கி, மொழிபெயர்ப்பாளர் அனுப்பிய வசனத்தை உள்ளே உட்கார வைக்க வேண்டும். ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. அவர்களுடைய பலூன் ஒல்லியாக, உயரமாக இருக்கும். நம் சொற்களோ கையைக் காலை நீட்டிப் படுக்கிற ரகம். 'நொறுக்கிவிடுவேன்' என்ற ஒற்றைச் சொல்லை அந்தக் குச்சிப் பலூனுக்குள் திணித்து முடிப்பதற்குள் நானே யாரையாவது நொறுக்கிவிடுவேன் போலிருக்கும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். இந்த வேலையை ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

அந்தத் தொடரின் பெயர் 'கடைசி மேசை'. டேபிள் டென்னிஸ் கதை. நாட்டிலுள்ள கெட்டிக்கார ஆட்டக்காரர்களை எல்லாம் ஒரு பெரிய கட்டடத்துக்குள் கொண்டுவந்து அடைத்துவிடுகிறார்கள். ஒருவரோடு ஒருவர் மோத வேண்டும். தோற்றவரை வெளியே அனுப்புவதில்லை. அவர் அங்கேயே இருப்பார், சாப்பாட்டு வரிசையில் நிற்பார், பந்து பொறுக்குவார். ஆனால் அவரை ஜெயித்தவனின் கண்ணுக்கு மட்டும் அதற்குப் பிறகு தெரியவே மாட்டார். இதைக் காட்ட ஓவியர் ஒரு வழி வைத்திருந்தார். தோற்றவரின் தலைமுடி, காது, கழுத்து எல்லாம் இருக்கும். முகம் மட்டும் வெறும் வெள்ளை. கதாநாயகன் ஒரு இடதுகைக்காரன். 'தோத்தவனை ஞாபகம் வெச்சிருந்தா கை நடுங்கும்' என்று புத்தகத்துக்குப் புத்தகம் சொல்வான்.

அந்த வெள்ளை முகங்களில் ஒன்றைத்தான் நான் பலூன் என்று நினைத்துவிட்டேன். பக்கத்துப் பலூனுக்குள் போக வேண்டிய வசனம் முகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. 'இன்னும் ஆட்டம் முடியல.'

"ஏம்மா, மூஞ்சிக்கும் பலூனுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?" ஆசிரியர் தன் கண்ணாடி அறையிலிருந்தே கத்தினார்.

"மூஞ்சின்னா கண்ணு மூக்கு இருக்கணும் சார். வட்டமா வெள்ளையா இருந்தா நான் என்னத்தைக் கண்டேன்?"

"காது இருக்குல்ல?"

"பலூனோட வாலுன்னு நெனச்சுட்டேன்."

அவர் சிரித்துவிட்டதால் பிழைத்தேன். அச்சுக்குப் போவதற்கு முன்பே திருத்திவிட்டோம். சோதனைப் பிரதியில் அந்த முகத்தைச் சுற்றி யாரோ பச்சைப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்கள். பச்சைப் பென்சில் எதிர் மேசை அண்ணனுடையது. அவர் போன பிறகு ஆசிரியர் எடுத்து வைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

எதிர் மேசை அண்ணனும் எழுத்துப் பொருத்துபவர்தான். என்னைத் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவார். சின்னப் பலூனில் பெரிய வசனம் வந்தால் இருவரும் சேர்ந்து மொழிபெயர்ப்பாளரை வாய் நிறையத் திட்டுவோம். 'கடைசி மேசை' வந்தபோது முதல் அத்தியாயத்தை எங்கள் இருவரிடமும் கொடுத்து, யாருடையது நன்றாக இருக்கிறதோ அவருக்கே தொடர் என்றார் ஆசிரியர். அண்ணனுக்கு அது கிடைக்க வேண்டும் என்று ரொம்ப ஆசை. எனக்கும்தான். அந்த அத்தியாயத்தை வாசித்துக்கொண்டே பொருத்தினேன். மற்ற நாளெல்லாம் பார்த்துப் பார்த்து விட்டுக்கொடுக்கிறவள், அன்று விட்டுக்கொடுக்கவில்லை. தொடர் எனக்கு வந்தது.

மறுநாளிலிருந்து அண்ணனைக் காணோம். சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட்டார். தோற்றதைத் தாங்க முடியாமல் ஓடிவிட்டார் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. நாற்காலி காலியாகவே கிடக்கிறது. எங்கள் அலுவலகத்தின் லட்சணத்தைக் கேளுங்கள், டீ கொண்டுவரும் அக்கா இன்னமும் அந்த மேசையில் ஒரு டீயை வைத்துவிட்டுத்தான் போகிறார். சாயங்காலம் பார்த்தால் டம்ளர் காலியாக இருக்கும், எந்தப் புண்ணியவான் குடிக்கிறானோ. ஆசிரியர் போகிற போக்கில் அந்த நாற்காலியைப் பார்த்து ஏதோ முணுமுணுப்பார். வயதாகிறது, பாவம்.

என் மகள் கதைக்கு வருகிறேன்.

அவளும் டேபிள் டென்னிஸ் ஆடுகிறவள். கையில் வித்தை இருந்தது, ஆனால் ஜெயிக்க மாட்டாள். கடைசிப் புள்ளிக்கு வந்ததும் எதிராளியின் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பெண் அழுகிற மாதிரி இருந்தால் இவள் கை தானாகத் தளர்ந்துவிடும். தோற்றுவிட்டு வந்து, "ஐயோ பாவம்மா அவ, அவங்க வீட்டுல திட்டுவாங்களாம்" என்பாள். பயிற்சியாளர் அவளுக்கு 'ஐயோபாவம்' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார். கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே நிலைத்துவிட்டது.

நான்தான் சோதனைப் பிரதிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவள் முதல் புத்தகத்தைப் படிக்க ஆரம்பித்து, சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் மூன்றாவதையும் முடித்தாள். அதில் அப்படி என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்கும் ஒரே பதில்தான். அந்தக் கதையில் யாரும் யாருக்கும் சமாதானம் சொல்வதில்லை. கலந்துகொண்டதே பெரிய விஷயம், முயற்சி செய்தாயே அதுவே போதும் என்று நாள் முழுக்க நம் காதில் ஓதுகிறார்கள். ஓதுகிறவர்கள் எல்லாம் ஜெயித்தவர்கள். 'கடைசி மேசை' அப்படிப் பசப்புவதில்லை. ஒருத்தன் ஜெயிப்பான், ஒருத்தன் ஒழிந்துபோவான், ஜெயித்தவன் வருத்தப்பட மாட்டான். வாசிக்கும்போது முதுகு நிமிர்ந்துவிடும். நானே ஐந்தாம் புத்தகத்துக்கு எழுத்துப் பொருத்திய அன்று பஸ்ஸில் ஒரு சீட்டுக்காக இரண்டு பேரை இடித்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆறாம் புத்தகத்தின் அந்தத் தப்புப் பக்கத்தைக் காட்டினேன். சிரிப்பாள் என்று பார்த்தால் முகத்தைச் சுளித்தாள்.

"தோத்தவன் பேசக் கூடாதும்மா."

"தப்பா எழுதிட்டேன்டி. திருத்தியாச்சு."

"இவன் பேசிட்டான். இப்ப இவனை மட்டும் மறக்க முடியலை" என்றாள். அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துத் தன் மேசை டிராயருக்குள் போட்டு மூடிவிட்டாள்.

அதற்கடுத்த போட்டியில் அவள் ஜெயித்தாள். அடுத்ததிலும் ஜெயித்தாள். பயிற்சியாளருக்குத் தலைகால் புரியவில்லை. நானும் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனேன்.

அவளுக்குச் 'சுருட்டை' என்று ஒரு சிநேகிதி. சுருட்டை முடி, ஓயாத வாய். இருவரும் ஜோடியாக ஆடுகிறவர்கள், எங்கள் வீட்டில்தான் பாதி நாள் சாப்பாடு. மாநில முகாமுக்கு ஆள் எடுக்கும் ஆட்டத்தில் இருவரையும் மோதவிட்டார்கள். என் மகள் ஜெயித்தாள். மறுநாள் சாயங்காலம் சுருட்டை வழக்கம்போல வந்தாள். கதவைத் திறந்தவள் என் மகள். திறந்து, வெளியே இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு மூடினாள்.

"யாருடி?" என்றேன் அடுப்படியிலிருந்து.

"யாருமில்லம்மா. பெல் அடிச்சுட்டு ஓடிட்டாங்க."

நான் போய்த் திறந்தேன். சுருட்டை அங்கேயே நின்றிருந்தாள். ஏதோ சண்டை என்று நினைத்து, கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்து, "என்னடி திமிரா? ஜெயிச்சா கண்ணு தெரியாதா?" என்று மகளை ஒரு பிடி பிடித்தேன். அவள் திருதிருவென்று விழித்தாள். சுருட்டை அவள் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டினாள். என் மகளின் கண்கள் அசையவில்லை. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவள் சுருட்டையின் மேல் நன்றாக மோதிக்கொண்டாள். மோதிவிட்டுக் காலடியில் எதுவோ தடுக்கியதுபோல் தரையைக் குனிந்து பார்த்தாள்.

நடிப்பு என்றால் எனக்குத் தெரியும். அவளைப் பெற்றவள் நான். அது நடிப்பில்லை. சுருட்டை அன்று ஒரு வார்த்தை பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

என் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். "ஏத்தறதும் இறக்கறதும்தான் நம்ம பொழப்பு" என்று சொல்லிச் சிரிப்பார். அதிர்ந்து பேசத் தெரியாது. நான் விஷயத்தைச் சொன்னதும், "நான் அவளோட ஒரு ஆட்டம் போட்டுப் பேசிப் பார்க்கறேன்" என்றார். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசைதான் ஆட்ட மேசை. நடுவில் என் பழைய சோதனைப் பிரதிகளை வரிசையாக நிறுத்தி வைத்தால் வலை ஆகிவிடும். குழந்தையாக இருந்த நாளிலிருந்து அவர்கள் அதில்தான் ஆடுகிறார்கள். எண்ணிப் பார்த்தால் அவர் ஒரு நாளும் ஜெயித்ததில்லை. அவளுக்கு ஆட்டம் தெரியாத வயதில் வேண்டுமென்றே தோற்றார், தெரிந்த பிறகு நிஜமாகவே தோற்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தட்டுகளை ஒதுக்கிவிட்டுப் புத்தகங்களை நிறுத்தினார். அவள் மட்டையை எடுக்கவில்லை.

"வேண்டாம்ப்பா."

"ஏன், பயமா?"

"உங்களோட வேண்டாம்ப்பா. ப்ளீஸ்." அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. நான் அப்போதே தடுத்திருக்க வேண்டும். கை வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரொம்பப் பிகு பண்ணாத கழுதை, போடு பந்தை" என்றார் அவர்.

பந்து மேசையில் பட்டதும் அவள் முகம் மாறிவிட்டது. அதில் வருத்தம் இல்லை, கோபம் இல்லை, எதுவுமே இல்லை. அவர் தன் வழக்கப்படி ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கிண்டல் அடித்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது என்றார், பந்தில் ஓட்டை என்றார். அவள் சிரிக்கவில்லை. கடைசிப் பந்து அவர் மட்டைக்கு ஒரு சாண் தள்ளிப் பறந்து பீரோவில் போய் மோதியது. அவள் மட்டையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா எங்க போனாரு?"

அவர் எதிரில்தான் நின்றிருந்தார், கையில் மட்டையோடு, மூச்சு வாங்கிக்கொண்டு.

அவள் கொடுமைக்காரியாக மாறியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. நாலு அறை விட்டிருப்பேன். அவள் அப்பாவைத் தேடினாள். தினமும் சாயங்காலம் ஜன்னலருகே போய் நின்று, "அப்பா இன்னும் வரலையேம்மா" என்பாள். அவர் பின்னாலேயே நிற்பார். தலையைத் தடவுவார். அவள் ஃபேன் காற்று என்று நினைத்து முடியை ஒதுக்கிக்கொள்வாள். ஒருநாள் அவருக்குப் போன் அடித்தாள். அவர் சட்டைப் பையிலேயே போன் அலறியது. எடுத்து, "சொல்லும்மா, அப்பாதான்" என்றார். ஒரு கை தூரத்தில் இருந்து சொன்னார். அவள் போனைக் காதில் வைத்தபடி, "எடுக்க மாட்டேங்கறாரும்மா" என்று அழுதாள். அவரும் அழுதார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"உங்கப்பா இதோ உன் பக்கத்துலதான்டி உட்கார்ந்திருக்காரு!" என்று எத்தனையோ தரம் கத்தியிருப்பேன். அது அவள் காதில் ஏறாது. "சரிம்மா, வந்ததும் சொல்லு" என்பாள். அவரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அவளுக்குள் போகவில்லை. கண் டாக்டரிடம் கூட்டிப் போனோம். பலகையில் கடைசி வரியின் பொடி எழுத்து வரைக்கும் கடகடவென்று படித்தாள். கண் பிரமாதம் என்று அனுப்பிவிட்டார். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை என் கணவர்தான் மடித்துப் பையில் வைத்தார்.

இன்னொரு நாள் அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்ததும் அவள் தற்செயலாக அவர் நாற்காலியில் கை வைத்தாள். வைத்த கையைச் சட்டென்று எடுத்தாள்.

"அப்பா நாற்காலி ஏம்மா சூடா இருக்கு?"



வெள்ளிக்கிழமை அவள் முகாமுக்குக் கிளம்ப வேண்டும். தங்கிப் பயிற்சி எடுக்கிற இடம், கிட்டத்தட்ட ஒரு வருஷம். அங்கே இருக்கிற ஒவ்வொருவரையும் இவள் ஜெயிப்பாள். ஜெயித்து ஜெயித்து, பெரிய கட்டடம் ஒன்றில் தன்னந்தனியாக நிற்பாள். அப்பா எங்கோ போய்விட்டார் என்ற நினைப்போடே வளர்ந்துவிடுவாள். அனுப்ப மாட்டேன் என்று சண்டை போடலாம். ஆனால் வீட்டில் வைத்துக்கொண்டால் மட்டும் அவள் கண்ணுக்கு அவர் தெரிந்துவிடப் போகிறாரா?

அந்த வாரம்தான் 'கடைசி மேசை'யின் கடைசிப் புத்தகம் என்னிடம் வந்தது. முடிவு தெரிந்துவிட்டால் ஏதாவது வழி பிறக்கும் என்று வேலையைக்கூடத் தொடங்காமல் பக்கங்களைப் புரட்டினேன். இடதுகைக்காரன் எல்லோரையும் ஜெயித்துவிடுகிறான். கடைசியில் இரண்டு பக்கத்தையும் அடைத்து ஒரே படம். நடுவில் மேசை, பக்கத்தில் அவன். சுற்றிலும் மாடம் மாடமாக, தோற்றவர்கள் நிற்கிறார்கள். அத்தனை முகமும் வெள்ளை. ஒரு பலூன்கூட இல்லை. அந்த இரண்டு பக்கத்திலும் எனக்கு வேலையே இல்லை. அவ்வளவுதான் முடிவு. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஓவியரை நேரில் பார்த்திருந்தால் அவர் பென்சிலைப் பிடுங்கி ஒடித்திருப்பேன்.

வட்டமாக, வெள்ளையாக, வரிசை வரிசையாக. பார்த்துக்கொண்டே இருந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ஏற்கெனவே ஒரு முகத்தைப் பலூன் என்று நினைத்தவள்தானே. அந்த ஒருவனைத்தானே என் மகளால் மறக்க முடியவில்லை.

வீட்டுக்குப் போய்க் கணவரை உட்கார வைத்தேன். "அவகிட்ட என்ன சொல்லணுமோ சொல்லுங்க. சின்னச் சின்னதா. பெரிசா சொன்னா முகத்துல அடங்காது."

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று பேனாவோடு காத்திருந்தேன். "ஷூ லேஸை ரெண்டு முடிச்சாப் போடச் சொல்லு" என்றார். "குடையை மறந்துட்டுப் போயிடுவா. பஸ்ல ஜன்னலுக்கு வெளிய கையை நீட்டக் கூடாது. நான் எங்கயும் போகல. நீ ஜெயிச்சது எனக்குச் சந்தோஷம்தான், கழுதை." சொல்லிக்கொண்டே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சுருட்டையையும் வரச் சொன்னேன். அவளுக்கு வாய் திரும்பி வந்திருந்தது. "என் நீல டவல் அவ பைக்குள்ளதான் இருக்கு ஆன்ட்டி, துவைச்சுத் தரச் சொல்லுங்க. நான் தோத்துட்டேன், செத்துடல. இதையும் எழுதுங்க."

மறுநாள் அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்து, மற்ற பக்கங்களை எல்லாம் ஒரே மூச்சில் பொருத்தி முடித்துவிட்டுக் கடைசிப் படத்துக்கு வந்தேன். ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது என்கிற தொழிலில் இருந்துகொண்டு, இல்லாத வசனத்தை இல்லாத இடத்தில் எழுதினேன். ஒன்றைச் சொல்ல வேண்டும். இத்தனை காலம் குச்சிப் பலூன்களுக்குள் அடங்காமல் என் உயிரை வாங்கிய நம் சொற்கள், அந்த முகங்களுக்குள் அளவெடுத்த மாதிரி அடங்கின. நெற்றியில் ஒரு வரி, கன்னத்துக்கு ஒரு வரி, தாடையில் ஒரு வரி. கணவரின் பேச்சும் சுருட்டையின் பேச்சும் தீர்ந்ததும், இவள் ஜெயித்த மற்ற பிள்ளைகள் என்ன சொல்லியிருக்கும் என்று நானே யோசித்து எழுதினேன். தூணை ஒட்டி ஓரமாக ஒரு முகம் மிச்சம். அதற்கு எழுத என்னிடம் எதுவும் இல்லை, அப்படியே விட்டுவிட்டேன். இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்றை மூடி என் மேசையில் வைத்துவிட்டு, மற்றதைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். எதிர் மேசையில் டீ டம்ளர் காலியாகத்தான் இருந்தது.

வீட்டில் மகள் முகாமுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் புத்தகம் என்றதும் துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்து பிடுங்கினாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தாள். அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். சுருட்டை கதவருகில் நின்றாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கங்கள் வேகமாகப் புரண்டன. கடைசிப் படத்தில் அவள் கை நின்றது.

முதலில் முகத்தைச் சுளித்தாள். அப்புறம் வாய்க்குள் முணுமுணுத்தாள். பிறகு சத்தமாகவே வாசித்தாள்.

"நான் எங்கயும் போகல." விரல் அடுத்த முகத்துக்கு நகர்ந்தது. "ஷூ லேஸை ரெண்டு முடிச்சாப் போடு."

அவள் விரல் நடுங்கியது. எத்தனையோ நாளாக நடுங்காத கை. நடுங்குவதைப் பார்த்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் மெல்ல நிமிர்ந்தாள். எதிர் நாற்காலியை வெகுநேரம் பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"அப்பா," என்றாள். "எப்பப்பா வந்தீங்க?"

அவர் எழுந்துபோய் அவள் தலையில் கை வைத்தார். இந்தத் தடவை அவள் முடியை ஒதுக்கவில்லை. அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கதவருகே பார்த்து, "ஏய் சுருட்டை, நீ ஏன்டி அங்க நிக்கற?" என்று அழுதுகொண்டே கேட்டாள். "டவலைக் குடுடி முதல்ல" என்றாள் சுருட்டை. அன்று எங்கள் வீட்டில் நாலு தட்டு வைத்தோம். முகாமுக்குப் போவதா வேண்டாமா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். தூங்கும்வரை அவள் அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்தபடியே இருந்தாள்.

மறுநாள் காலையில் முதல் ஆளாக அலுவலகம் போனேன். முகங்களில் எழுதியதை எல்லாம் துடைத்து, பக்கத்தைப் பழையபடி வெள்ளையாக்கி, அச்சுக்கு அனுப்பிவிட வேண்டும். ஆசிரியர் பார்த்துவிட்டால் என்னை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார். மனசு லேசாக இருந்தது. என் மகளை அந்தப் பாழாய்ப்போன கதை எப்படிப் பிடித்து ஆட்டியது, நாம் எப்படி மீட்டோம் என்று எனக்கே என்மேல் கொஞ்சம் பெருமைகூட.

என் மேசையில் நேற்றைய பிரதி விரித்தபடி கிடந்தது. நான் மூடித்தான் வைத்துவிட்டுப் போனேன். கடைசிப் படம். தூணை ஒட்டி ஓரமாக நின்ற முகம், எழுத ஒன்றுமில்லை என்று நான் வெள்ளையாக விட்டது, இப்போது வெள்ளையாக இல்லை. பச்சைப் பென்சிலில், எனக்குப் பழக்கமான குண்டு எழுத்தில், நெற்றிக்கு ஒன்று, கன்னத்துக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று என்று அழகாக வரி உடைத்து எழுதியிருந்தது.

'தங்கச்சி, நானும் தினமும் வந்துட்டுத்தான் இருக்கேன்.'

என் விரல் நடுங்கியது. மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. டீ உறிஞ்சும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவே நேரமாகிவிட்டது.

அவர் முடி நன்றாக நரைத்திருந்தது. கண்ணாடி மாற்றியிருந்தார். டம்ளரை இரு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே," என்றேன். "எப்ப வந்தீங்க?"